தங்கம்மாளும் தண்ணீர் நின்ற உயரமும்

வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் பேரிடர் ஒத்திகையில் மயங்கிக் கிடக்கும் நோயாளி எப்போதும் தங்கம்மாள்தான். அதற்கென்று போட்டி எதுவும் வைப்பதில்லை. ஆள் நாலடி ஏழு அங்குலம், எடை நாற்பது கிலோவுக்குள். தூக்குகிறவர்களுக்கு மூச்சு வாங்காது. அதிகாரிகள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது காரியம் சட்டென்று முடியும். கடலூரில் கெடிலம் ஆற்றை ஒட்டி நிற்கும் அந்தத் தனியார் மருத்துவமனையில் அவர் துப்புரவுப் பிரிவின் மேற்பார்வையாளர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். அதில் ஒன்பது தடவை ஸ்ட்ரெச்சரில் படுத்து, ஒன்பது தடவையும் நாலு நிமிஷத்துக்குள் மாடிக்குப் போய், மருத்துவமனைக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

நிஜ நோயாளிகள் எழுபது எண்பது கிலோ இருப்பார்களே என்று யாரும் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. யோசித்தவர்கள் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். ஒத்திகை நல்லபடியாக முடிந்தால் கேன்டீனில் எல்லோருக்கும் கேசரி உண்டு.

இந்த வருஷம் ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை ஒத்திகை நடந்தது. ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு மணி அடித்தார்கள். தங்கம்மாளை முன்கூடத்தில் ஸ்ட்ரெச்சரில் கிடத்தி வார் போட்டுக் கட்டினார்கள். கண்ணை மூடியும் மூடாமலும் படுத்திருந்தவருக்கு நேர் எதிரே சுவரில் அந்தப் புகைப்படம் தெரிந்தது. கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய படம். 2015 வெள்ளத்தில், இதே முன்கூடத்து வாசலில், நிர்வாக அலுவலர் இளவரசு இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறார். தோளில் ஒரு பெரியவரைத் தூக்கி வைத்திருக்கிறார். மறுநாள் செய்தித்தாளில் முதல் பக்கத்தில் வந்த படம். கடலூரில் அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு.

இளவரசு அந்தப் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு வந்திருந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ஆறடி ஆள், குரலும் அதற்கேற்றபடி. பக்கத்தில் ஸ்ரீமதி நின்றார். சிதம்பரத்தில் அலுவலகம் வைத்திருக்கும் பொறியாளர். மருத்துவமனையின் பேரிடர்த் திட்டத்தைப் புதிதாக எழுதித் தரும் பொறுப்பு அவருடையது. புது ஜெனரேட்டர் அடுத்த மாதம் வருகிறது, பின்பக்கத்துப் பழைய ஜெனரேட்டர் கொட்டகையிலேயே அதை வைக்கப்போகிறோம் என்றார் இளவரசு. 2015-இல் தண்ணீர் எவ்வளவு வந்தது என்பதற்கு இதோ சாட்சி என்று படத்தைக் காட்டினார். ஸ்ரீமதியும் விளக்கினார். படத்தில் தெரியும் சன்னல் கட்டையை நேரில் அளந்து, அதைக் கொண்டு படத்தில் தண்ணீர் நின்ற உயரத்தைக் கணக்கிட்டிருக்கிறார். இரண்டடி பத்து அங்குலம். பாதுகாப்புக்கு இன்னும் எட்டு அங்குலம் கூட்டி, மூன்றரை அடி மேடை. திங்கட்கிழமை கான்கிரீட்.

தங்கம்மாளுக்குக் கண் தானாகத் திறந்துகொண்டது.

"அக்கா, கண்ண மூடு. நீ மயக்கத்துல இருக்க" என்றார் ஸ்ட்ரெச்சரின் கால்பக்கத்தைப் பிடித்திருந்த ஆரோக்கியராஜ். மருத்துவமனையின் எலெக்ட்ரீஷியன் அவர். ஒத்திகை நாளில் அவரும் தூக்கும் ஆளாகிவிடுவார்.

மயங்கிக் கிடப்பவர் எழுந்து பேசினால் ஒத்திகை கெட்டுப்போகும். தங்கம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று நிமிஷம் ஐம்பது வினாடியில் மாடிக்குப் போனார். அன்றைக்குக் கேசரியைத் தொடவில்லை.

தண்ணீரை உடம்பால் அளக்கும் ஊரில் பிறந்தவர் அவர். கிள்ளைக்குக் கிழக்கே, உப்பனாற்றுக் கரையில் வீடு. அப்பா நடவுக்கும் அறுப்புக்கும் போவார். வயல் வேலை இல்லாத நாளில் ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பார். முட்டளவு, இடுப்பளவு, மார்பளவு என்றுதான் அங்கே பேச்சு. ஏழு வயதில், "மார்பளவுதான், வா" என்று அப்பா கூப்பிட்டதை நம்பி இறங்கித் தங்கம்மாள் தலை முழுகி எழுந்திருக்கிறார். அப்பாவின் மார்பு வேறு, தன் மார்பு வேறு என்பது அன்றைக்கே அவருக்குத் தெரிந்துபோனது. அந்தப் பாடத்துக்குத் தண்ணீர் கொஞ்சம் குடிக்க வேண்டியிருந்தது.

கடலூர் முதுநகருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். துறைமுகத்தில் மீன் கூடை தூக்கிக்கொண்டிருந்த புருஷன் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தபோது மகள் ரேகாவுக்கு மூன்று வயது. அப்போது இந்த மருத்துவமனையில் துடைப்பம் எடுத்தவர்தான். ரேகா லேப் படிப்பு படித்ததும், இதே மருத்துவமனையில் முதல் வேலை கிடைத்ததும் இளவரசுவின் தயவு. நன்றி மறக்கிற ஜென்மம் இல்லை தங்கம்மாள். அதனால்தான் பத்து வருஷமாக அந்தப் படத்தைத் தினமும் தன் கையால் துடைத்து வந்தாரே தவிர, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சொல்ல என்ன இருந்தது என்றால், அந்தப் படம் மறுநாள் காலையில் எடுத்தது.

வெள்ளம் வந்த நாளில் காலையிலிருந்தே மழை. தீபாவளியை ஒட்டிய நாட்கள். பாதிப் பேர் விடுப்பில் இருந்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு ஆறு பின்பக்கச் சுவரைத் தாண்டி உள்ளே வந்தது. மூன்று மணிக்கு ஜெனரேட்டர் நின்றது. ஆரோக்கியராஜ் அங்கே மாட்டிக்கொண்டாரோ என்று தங்கம்மாள் பின்பக்கம் ஓடினார். கொட்டகை வாசலில் தண்ணீர் அவர் தாடையைத் தொட்டது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவரை, படிக்கட்டிலிருந்து இறங்கி வந்த ஆரோக்கியராஜ் கையைப் பிடித்து இழுத்துப் போனார். பிறகு அவர் முன்பக்கம் ஓடிவிட்டார். உயரமும் பலமும் உள்ள ஆண்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். இளவரசு நின்று, கீழ்த்தளத்து நோயாளிகளை ஒவ்வொருவராக மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். நாற்பத்தோரு பேர். ஒருவரைக்கூட விடவில்லை. படத்தில் இருக்கும் வீரம் பொய் இல்லை. நேரம்தான் வேறு.

தங்கம்மாள் இரண்டாம் மாடியில் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குப் போனார். நர்ஸ் அருள்மொழி தனியாகத் தவித்துக்கொண்டிருந்தார். மூச்சுக்கருவியில் இரண்டு குழந்தைகள், கரண்ட் இல்லை. அருள்மொழி ஒரு ரப்பர்ப் பையைத் தங்கம்மாள் கையில் கொடுத்து, எப்படி அழுத்த வேண்டும், எவ்வளவு நிதானமாக அழுத்த வேண்டும் என்று காட்டினார். துடைப்பம் பிடித்த கை அன்றைக்கு ஒரு குழந்தைக்கு மூச்சு கொடுத்தது. குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. காலில் கட்டியிருந்த அட்டையில் 'மாலதி குழந்தை' என்று எழுதியிருந்தது.

நாலரை மணிக்கு ஆக்சிஜன் சிலிண்டரின் முள் சிவப்புக்கு வந்தது. நிறைந்த சிலிண்டர்கள் கீழே, ஜெனரேட்டர் கொட்டகையை ஒட்டிய அறையில் இருந்தன. சாவி தங்கம்மாள் இடுப்பில். சின்ன சிலிண்டர் ஒன்றை அவரால் தூக்கிவர முடியும். போய் எடுத்து வருகிறேன் என்று எழுந்தார். கையை எடுக்காதீர்கள், எடுத்தால் இந்தக் குழந்தைக்கு யார் அழுத்துவது என்றார் அருள்மொழி. தங்கம்மாள் உட்கார்ந்தார். அழுத்திக்கொண்டே இருந்தார். ஐந்தே முக்காலுக்கு, சன்னலில் இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே, மாலதி குழந்தை அடங்கிப்போனது. மற்றக் குழந்தை பிழைத்தது. இப்போது அது பண்ருட்டியில் நாலாம் வகுப்பு படிக்கிறது என்று கேள்வி.

அருள்மொழி பிறகு மஸ்கட் போய்விட்டார். தங்கம்மாளிடம் அந்த நாலரை மணி தங்கிவிட்டது. தாடையளவுத் தண்ணீர்தானே, கம்பியைப் பிடித்துக்கொண்டே போயிருக்கலாமே, பத்து நிமிஷத்தில் வந்திருக்கலாமே என்ற கேள்வி பாத்திரம் கழுவும்போது வரும், பஸ்ஸில் வரும். யாரிடமும் சொன்னதில்லை. ரேகாவிடம்கூட.

மறுநாள் மழை விட்டது. வெள்ளம் பாதி வடிந்த பிறகு, காலை ஒன்பது மணிக்குப் புகைப்படக்காரர் வந்தார். மாடியில் இருந்தவர்களை வேறு மருத்துவமனைக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம். அந்தப் படம்தான் சுவரில் இருக்கிறது. இப்போது அது திட்டத்துக்குள்ளும் போய்விட்டது. மூன்றரை அடி மேடையில் புது ஜெனரேட்டர் ஏறி உட்காரும், அடுத்த வெள்ளத்தில் அதுவும் முழுகும். மேலே இப்போது எட்டுக் குழந்தைகளுக்கு இடம் இருக்கிறது.

வெள்ளி, சனி இரண்டு நாளும் தங்கம்மாள் இளவரசுவின் அறை வாசலைத் தேவைக்கு மேல் பெருக்கினார். உள்ளே போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்துக்கு பஸ் ஏறினார். ரேகா இப்போது அங்கே ஒரு லேபில் வேலை பார்க்கிறாள், ரயிலடிப் பக்கம் வீடு. சோற்றைப் பிசைந்துகொண்டே தங்கம்மாள் மேடை விஷயத்தைச் சொன்னார். குழந்தை விஷயத்தைச் சொல்லவில்லை. ரேகா தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"எங்கிட்ட பொலம்பி என்னம்மா ஆவப்போவுது? அந்த மேடம் ஆபீஸ் தெற்கு வீதியிலதான் இருக்கு. போயி சொல்லு. இளவரசு சார் எனக்கு வேல வாங்கிக் குடுத்தாரு, சரி. அதுக்காக ஜெனரேட்டர் முழுவணுமா?"

திட்டத்தைக் கொடுக்கவேண்டிய நாள் நெருங்கியதால் ஸ்ரீமதி ஞாயிற்றுக்கிழமையும் அலுவலகத்தில் இருந்தார். ஒரு ஸ்டேஷனரிக் கடைக்கு மேலே மாடியறை. ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த அம்மாள் எழுந்து நடந்து வந்ததைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது. தங்கம்மாள் சொல்லத் தொடங்கியதும் சிரிப்பு நின்றுபோனது. தாடையளவு என்றதும் ஸ்ரீமதி எழுந்து வந்து டேப்பை எடுத்துத் தங்கம்மாளின் தாடை வரைக்கும் அளந்தார். மூன்றடி பதினொரு அங்குலம். அது மூன்று மணிக்கு என்றால் அதற்குப் பிறகு ஏறியதா என்று கேட்டார். தெரியாது, மேலே இருந்தோம் என்றார் தங்கம்மாள்.

ஸ்ரீமதி மேசையில் இருந்த படப் பிரதியை எடுத்துப் பார்த்தார். தேதியைப் பார்க்காமல் சன்னல் கட்டையை மட்டும் அளந்துவிட்டோமே என்ற சங்கடம் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் அவர் கணக்குக்காரி. அளந்த எண்ணை அடித்துவிட்டு ஞாபகத்தில் இருக்கும் எண்ணை எழுத முடியாது, இளவரசு கேட்டால் என்ன காட்டுவது என்றார்.

"செவுத்துல எங்கயாவது தண்ணி நின்ன கற இருக்குங்களா? அது போதும் எனக்கு."

தங்கம்மாளுக்குச் சுருக்கென்றது. "கறையா? பதினோரு நாள் கழுவுனோம் மேடம். ஒரு சொட்டுச் சேறு கெடையாது. அப்புறம் மூணு தடவ பெயிண்ட் அடிச்சாச்சு. எங்க ஆஸ்பத்திரியில கற தேடுறது ஆவாத காரியம்."

சொல்லி முடித்த பிறகுதான், தன் வேலைச் சுத்தமே தன் வாயை அடைத்துவிட்டது என்பது அவருக்குப் புரிந்தது. ஸ்ரீமதி தன் போன் நம்பரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். காலை ஏழு மணிக்குள் ஏதாவது கிடைத்தால் சொல்லுங்கள், கான்கிரீட்டை நிறுத்த எனக்கு ஒரு காரணம் வேண்டும் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தது. துடைப்பமும் துணியும் போகாத இடம் எது என்று தங்கம்மாள் மனத்துக்குள் மருத்துவமனையை அறை அறையாகப் பெருக்கிக்கொண்டு வந்தார். கட்டிலுக்கு அடி, பீரோவுக்குப் பின்பக்கம், லிஃப்ட் குழி. எல்லாமே கழுவியது. புதுச்சத்திரம் போனது. ஆலப்பாக்கம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோது அவருக்குப் பெட்டி ஞாபகம் வந்தது.

ஜெனரேட்டர் கொட்டகைச் சுவரில் ஒரு பழைய இரும்பு சுவிட்ச் பெட்டி இருக்கிறது. வெள்ளத்தில் செத்துப்போனது. பக்கத்திலேயே புதுப் பெட்டி வைத்தாகிவிட்டது, பழையதுக்கு வேலை இல்லை. ஆனாலும் அதைக் கழற்றிப் போட யாருக்கும் மனம் வரவில்லை. வெள்ளத்துக்கு மூன்று வாரம் முன்பு ஆயுதபூஜையில் சந்தனமும் குங்குமமும் வைத்த பெட்டி அது. எல்லாப் பெட்டிக்கும் வைத்த பொட்டு தண்ணீரில் போய்விட, அதன் தலையில் வைத்த ஒரு பொட்டு மட்டும் அப்படியே இருந்தது. பூஜை செய்த பொருளைக் காயலான் கடைக்குப் போடக் கூடாது என்று ஆரோக்கியராஜே சொல்லிவிட்டார். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை பார்க்கிற ஆள்தான். ஆனாலும் ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் அந்தப் பெட்டிக்கு முதல் பொட்டு அவர் கையால்தான். பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் வெளியே அடித்தார்கள். தங்கம்மாளும் வெளியேதான் துடைத்தார். உள்ளே யாரும் திறக்கவில்லை.

அவர் பஸ்ஸிலிருந்தே ஆரோக்கியராஜுக்கும், தாளில் இருந்த நம்பரைப் பார்த்து ஸ்ரீமதிக்கும் போன் போட்டார்.

திங்கட்கிழமை ஏழு மணிக்குக் கலவை மெஷின் வந்து பின்பக்கம் நின்றுவிட்டது. மூன்றரை அடிக்குப் பலகை அடைத்திருந்தார்கள். ஸ்ரீமதி முதல் பஸ்ஸில் வந்திருந்தார். ஆரோக்கியராஜ் பெட்டியின் திருகுகளுக்கு எண்ணெய் விட்டுவிட்டு நின்றார். நாலு திருகும் துருப்பிடித்து, திருப்புளி வழுக்கியது. அந்த நேரம் பார்த்து இளவரசு வந்தார். வேலை ஏன் தொடங்கவில்லை என்று கேட்டார். ஸ்ரீமதி வாயைத் திறப்பதற்குள் தங்கம்மாள் முன்னால் வந்துவிட்டார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"சார், தண்ணி அந்த ஃபோட்டோவுல இருக்குறத விட ஜாஸ்தி."

இளவரசுவின் முகம் இறுகியது. பத்து வருஷமாக ஊரே பார்க்கிற படம், அதில் நிற்பவன் நான்தானே என்றார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் தங்கம்மாளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அது மறுநா காலையில எடுத்தது சார். மொத நா சாயங்காலம் தண்ணி ஜாஸ்தியா இருந்தப்ப, நீங்களும் மேல இருந்தீங்க, நானும் மேல இருந்தேன். கீழ நின்னவங்க யாருமே இல்ல. நிக்க முடிஞ்ச தண்ணியத்தான் சார் ஃபோட்டோ புடிச்சிருக்காங்க."

கலவை மெஷின்காரர்கூட எஞ்சினை அணைத்துவிட்டார். கடைசித் திருகு கழன்றது. ஆரோக்கியராஜ் மூடியை இழுத்தார். பத்து வருஷத்துப் புழுக்க வாடை வெளியே வந்தது.

உள்ளே மேல் பாதி வெள்ளைப் பூச்சு அப்படியே இருந்தது. கீழ்ப் பாதி முழுக்கத் துருவும் காய்ந்த செம்மண் சேறும். இரண்டுக்கும் நடுவே, கோடு போட்டது போல, தண்ணீர் நின்ற அடையாளம். தங்கம்மாள் கழுவாமல் விட்ட ஒரே சேறு.

ஸ்ரீமதி தரையிலிருந்து டேப்பை நிறுத்தி, இரண்டு தடவை அளந்தார். ஐந்தடி இரண்டு அங்குலம்.

இளவரசு அருகே வந்து அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். ஆறடி ஆளுக்கே கழுத்துக்கு மேல் வந்தது. படம் எப்போது எடுத்தது என்று தனக்குத் தெரியும் என்றும், சொல்லிச் சொல்லித் தானே அதை மறந்துவிட்டதாகவும் சொன்னார். யாருடைய முகத்தையும் பார்க்காமல் சொன்னார். பிறகு கலவை மெஷினைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டு, ஸ்ரீமதியிடம் எட்டடித் தூண் போட்டால் போதுமா என்று கேட்டார். மனிதர் பெரியவர் என்பதற்கு அந்தப் படத்தை விட இதுதான் அத்தாட்சி.

எல்லோரும் பேசிக்கொண்டே முன்பக்கம் போனார்கள். தங்கம்மாள் போகவில்லை. தாடையளவு என்று அவர் சொன்னதும் சரியான கணக்கு இல்லை என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. மூன்று மணிக்கு அவர் பார்த்தது அது. அதற்குப் பிறகும் ஒரு அடிக்கு மேல் ஏறியிருக்கிறது. அவர் பெட்டிக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றார். கோடு அவர் தலைக்கு மேலே அரை முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. பக்கத்து அறைதான் அப்போது சிலிண்டர் இருந்த அறை. ஒரே தரை, ஒரே மட்டம்.

திருகுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஆரோக்கியராஜ் அவர் நிற்கிற விதத்தைப் பார்த்து, என்னக்கா என்றார்.

"அன்னிக்கு நாலரைக்கு சிலிண்டர் எடுக்க நான் எறங்குறதா இருந்தேன் ராஜு. அந்தக் கொழந்தைக்கு. அருள்மொழி சிஸ்டர் வுடல. போயிருந்தா பொழச்சிருக்கும்னு பத்து வருஷமா..."

ஆரோக்கியராஜ் கோட்டைப் பார்த்தார், தங்கம்மாளின் தலையைப் பார்த்தார்.

"எறங்கியிருந்தா, மறுநா காலையில சார் தோள்ல நீ இருந்திருப்ப அக்கா. அந்த ஃபோட்டோவுல நீதான் இருந்திருப்ப."

ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். அதனால்தான் அது ஆறுதலாக இருந்தது. மூடியைத் திரும்பப் பூட்டும்போது, உள்ளே துடைத்துவிடட்டுமா என்று ஆரோக்கியராஜ் கேட்டார். தங்கம்மாள் வேண்டாம் என்றார். துப்புரவு மேற்பார்வையாளர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது இருபத்தாறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

பிறகு நடந்தது சாதாரணக் கட்டிட வேலைதான். எட்டடித் தூண்கள் எழும்பின. சிலிண்டர் அறை இரண்டாம் மாடிக்கு, பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு அருகே வந்தது. முன்கூடத்துப் படம் அதே இடத்தில்தான் இருக்கிறது. அதன் கீழே, 'மறுநாள் காலை ஒன்பது மணி' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். முதல் நாள் தண்ணீர் நின்ற உயரத்துக்கு முன்கூடத்துச் சுவரில் நீலக் கல் பதித்தார்கள். பெயிண்டால் கோடு போட்டால் அடுத்த பெயிண்டில் போய்விடும் என்று தங்கம்மாள்தான் கல் கேட்டார்.

ஐப்பசியில் மழை தொடங்குவதற்கு முன் ஒத்திகையைத் திரும்ப நடத்த வேண்டும் என்றார் ஸ்ரீமதி. இந்தத் தடவை மயங்கிக் கிடக்கும் நோயாளி வேறு ஆளாக இருக்க வேண்டும் என்று அவர் சொன்னதும் எல்லோரும் இளவரசுவைப் பார்த்தார்கள். தொண்ணூற்றிரண்டு கிலோ. மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார். முதல் மாடித் திருப்பத்தில் தூக்கியவர்கள் ஸ்ட்ரெச்சரைக் கீழே வைத்து மூச்சு வாங்கினார்கள். பதினொரு நிமிஷம் ஆனது. ஸ்ரீமதி பதினொன்று என்றே எழுதினார். நாலு என்று எழுதிய ஒன்பது வருஷத்துக் காகிதமும் அந்தக் கோப்பில் அதற்குக் கீழே இருந்தது. கேசரியைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

ஒத்திகையில் கடைசியாக ஒரு வேலை இருந்தது. பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஆக்சிஜன் தீரப்போகிறது என்று அறிவிப்பார்கள். யாராவது ஒருவர் போய்ச் சிலிண்டர் எடுத்து வர வேண்டும். அறிவிப்பு வந்ததும் இரண்டு வார்டு ஊழியர்கள் எழுந்தார்கள். அதற்குள் தங்கம்மாள் கிளம்பிவிட்டார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. வராந்தாவில் நடந்து, சிலிண்டர் அறையைத் திறந்து, சின்ன சிலிண்டர் ஒன்றை மார்போடு அணைத்துத் தூக்கினார். திரும்பும்போது காலடிகளை எண்ணிக்கொண்டே வந்தார். பத்தொன்பது. நீர் இல்லை, படி இல்லை. பத்தொன்பதே காலடி.

சிலிண்டரைக் குழந்தையில்லாத தொட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கையை எடுக்காமல் அதைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாய்விட்டு அழுதார். மாலதி குழந்தைக்காக அவர் யார் முன்னாலும் அழுதது அதுதான் முதல் தடவை.

பார்க்க வந்திருந்த அதிகாரிகளில் ஒருவர், இந்த அம்மா ரொம்ப நன்றாக நடிக்கிறார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். கையில் இருந்த தாளிலும் அதைக் குறித்துக்கொண்டார். விஷயம் தெரிந்திருந்தும் இளவரசுவும் ஆரோக்கியராஜும் அந்த அதிகாரியைத் திருத்தவில்லை.